சுவரிலே மூன்று அச்சுத்தண்டுகள்

எமது கராஜுக்கு வருகிற தமிழ்ச் சனம் முதலில் கேட்கிற கேள்வி, எண்ணெய் மாற்ற எவ்வளவு என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அண்ணை, உந்தச் சுவரிலை என்னத்தைத் தொங்கவிட்டிருக்கிறியள்?" என்பது.

கலண்டருக்குப் பக்கத்தில் மூன்று ஆணிகளில் மூன்று இரும்புத் தண்டுகள் தொங்குகின்றன. ஒன்று முறுகியது. ஒன்று காது கிழிந்தது. ஒன்று இரண்டாக முறிந்தது. மூன்றுமே காட்டுவழி ஓடும் ட்ரக்குகளின் முன் அச்சுத்தண்டுகள். கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவோம். முழுக் கதையையும் ஒருமுறை எழுதுங்கள் என்று நண்பர்கள் பல நாளாகக் கேட்டு வருகிறார்கள். நாங்கள் எழுத்தாளர்கள் அல்ல, ஸ்பனர் பிடித்த கைகள். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். சுன்னாகத்தில் ஒரு கராஜில் வேலை பழகினோம். 1990 இல் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சில துளி பெற்றோலில் எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். உதிரிப்பாகம் என்பது கனவில் வருகிற பொருள். அச்சு முறிந்தால், கிடைத்த இரும்பைக் கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து போட வேண்டியதுதான்.

எங்களுக்கு வேலை பழக்கிய பெரியவர் எந்த இரும்பையும் முதலில் அரத்தால் ஒரு இழுவை இழுத்துப் பார்ப்பார். அரம் வழுக்கினால் இரும்பு கடினம், கடித்தால் மென்மை. கடினமானதுதான் நல்லது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. "முறுகிற இரும்பு சொல்லிப்போட்டுப் போகும். வெடிக்கிற இரும்பு சொல்லாமல் போகும். ஏத்துற பாரத்தையும் ஓட்டுற ஆளையும் பார்த்துத்தான் இரும்பு எடுக்கவேணும்" என்பார். அதன் பொருள் எங்களுக்குக் கல்கரியில்தான் விளங்கியது. அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

1994 இல் கனடா வந்தோம். சில வருடங்கள் ஒரு பட்டறையில் இரவு வேலை. பிறகு கடன் எடுத்து இரண்டு வாகனம் நிற்கக்கூடிய இந்தக் கராஜைத் தொடங்கினோம். கல்கரியிலிருந்து மேற்கே போனால் றொக்கி மலையின் அடிவாரம். பிறாக் கிறீக்கைத் தாண்டி மக்லீன் கிறீக் என்று ஒரு இடம். றோட்டில்லாத காட்டில், சேற்றிலும் கல்லிலும் வாகனம் ஓட்டுவதற்கென்றே அரசாங்கம் ஒதுக்கிய பகுதி அது. சனிக்கிழமை அங்கே போய் உடைப்பவர்கள் திங்கட்கிழமை எங்களிடம் வருவார்கள். எமது வீட்டுக்கடனில் ஒரு பங்கை அந்தச் சேறுதான் கட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

இனி அச்சுக்கு வருவோம். பின் அச்சுக்கு ஒரே வேலை: சில்லைச் சுழற்றுவது. நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் முன் அச்சுக்கு இரண்டு வேலை: சில்லைச் சுழற்றவும் வேண்டும், அது திரும்பவும் இடம் விடவேண்டும். அதனால் முன்பக்கத் தண்டு ஒரே துண்டாக இருக்க முடியாது. டிபறன்ஷலிலிருந்து வரும் நீண்ட தண்டு ஒன்று, சில்லுக்குள் போகும் குட்டைத் தண்டு ஒன்று. இரண்டின் நுனியிலும் இரண்டிரண்டு காதுகள். அந்த நான்கு காதுகளுக்கு நடுவே சிலுவை வடிவத்தில் ஒரு இரும்பு. இதைத்தான் யூ-ஜொயின்ற் என்கிறோம். மோட்டார் வாகனங்களுக்கு இந்த ஜொயின்றைச் செய்து விற்கும் தொழிலை 1904 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தொடங்கியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவர் தொடங்கிய கம்பனிதான் பின்னாளில் டேனா என்று பெயர் மாறியது. பழைய ட்ரக்குகளின் அச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் "டேனா 44" என்று சொல்வது அந்தப் பெயரைத்தான்.

நேராக ஓடும்போது இந்த ஜொயின்றுக்குக் கஷ்டமில்லை. ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்தால் இரண்டு தண்டுகளுக்கும் இடையில் 30 பாகைக்கு மேல் கோணம் விழும். அப்போது வெளித்தண்டு ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். சிலுவையும் காதுகளும் அந்த இழுபறியைத் தாங்கவேண்டும். முன் அச்சு முறிகிற இடம் பெரும்பாலும் இதுதான்: சில்லு கல்லிடுக்கில் இறுகியிருக்கும், ஸ்ரியறிங் முழுதாக ஒடித்திருக்கும், ஓட்டுகிறவர் பொறுமை இழந்து காலை அமத்துவார்.

அந்தக் கால் எவ்வளவு பாரத்தை அனுப்புகிறது என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். முதலாவது கியர் 3 மடங்கு, நாலு சில்லுக்கான கியர்பொக்ஸில் குறைந்த வேகம் 2 மடங்கு, அச்சில் 4 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 24. எஞ்சின் முறுக்கும் பலம் 24 மடங்காகி அச்சுகளுக்குப் போகிறது. லொக்கர் போட்ட அச்சில் ஒரு சில்லு அந்தரத்தில் நின்றால், அந்த அச்சுக்கு வந்தது முழுவதும் மற்றத் தண்டின் தலையில். மேலும் மெதுவாக ஊரவேண்டும் என்று 2 மடங்கை 4 ஆக்குபவர்கள் உண்டு. அப்போது 24 என்பது 48 ஆகிவிடும். போதாக்குறைக்கு 30 அங்குல ரயரைக் கழற்றி 37 அங்குலம் போடுவார்கள். சில்லு பெரிதானால் நிலம் பிடித்து இழுக்கும் நெம்பும் நீளும். தண்டுக்குப் பாரம் ஏறக்குறைய கால்பங்கு கூடும். மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இவர்கள் ஏற்றுவது மயிலிறகும் அல்ல.

சுவரில் தொங்கும் முதலாவது தண்டு அப்படி வந்ததுதான். 1970களில் செய்த ஒரு ட்ரக்கின் சொந்தத் தண்டு. பெரிய ரயர் போட்டு இரண்டு கோடை ஓடியிருந்தார்கள். கழற்றி எடுத்தபோது, நுனியில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பல்லுகள் நேராக இல்லை. கயிறு திரித்ததுபோல் முறுகியிருந்தன. முறியவில்லை, ஆனால் முறிவதற்கு நாள் பார்த்திருந்தது. பெரியவர் சொன்ன, சொல்லிப்போட்டுப் போகிற இரும்பு இதுதான். பழைய தண்டுகள் பெரும்பாலும் 1040 என்கிற சாதாரண கார்பன் உருக்கு. இந்தத் தண்டு தன் கடமையைச் செய்திருக்கிறது. பிழை அதற்கு அளவுமீறிப் பாரம் கொடுத்தவர்களுடையது.

இதற்கு மருந்தாகச் சந்தையில் இருப்பது குறோமொலித் தண்டு. கடைக்காரர்கள் அப்படி அழைத்தாலும் நல்ல தண்டுகள் பெரும்பாலும் 4340 என்ற உருக்கு. குறோமியம், மொலிப்டினம் ஆகியவற்றுடன் நிக்கலும் சேர்ந்தது. கடைசி இரண்டு இலக்கமும் கார்பனின் அளவு, 0.40 வீதம். அதைச் சூடாக்கி, எண்ணெயில் தணித்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். இங்கே பலர் பிழையாக விளங்கிக்கொள்கிற ஒரு விடயம் உண்டு. குறோமொலி வளையாது, முறுகாது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரே பாரத்துக்கு எல்லா உருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முறுகும். வித்தியாசம் என்னவென்றால், சாதாரண உருக்கு திரும்பிவர முடியாமல் போகும் எல்லையைத் தாண்டியும் குறோமொலி முறுகிவிட்டுத் தன் பழைய நிலைக்கு மீண்டுவிடும்.

தடிப்பும் முக்கியம். தண்டின் தடிப்பைப் பத்து வீதம் கூட்டினால் முறுக்கைத் தாங்கும் பலம் 33 வீதம் கூடும். ஏனென்றால் முறுக்குகிற பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் தண்டின் மேற்பரப்புத்தான். நடுவில் உள்ள இரும்பு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. இந்த ஒரு வசனத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கவும். மூன்றாவது தண்டின் கதைக்கு அது தேவைப்படும்.

இரண்டாவது தண்டு குறோமொலி. எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்கார இளைஞன் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிக் கொண்டுவந்தான். தண்டுக்கே காசு முடிந்துவிட்டது. பழைய யூ-ஜொயின்றையே போட்டுத் தரச் சொன்னான். நாங்களும் போட்டுக் கொடுத்தோம். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வாடகை கட்டவேண்டிய மாதம் அது. ஏழாவது வாரம் சிலுவை வெடித்து, அதன் துண்டு புதுத் தண்டின் காதைக் கிழித்துவிட்டது. தண்டின் மற்றப் பாகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பு தண்டு முறுகிப் பாரத்தை வாங்கிக்கொண்டது. இப்போது தண்டு அசையாததால் பாரம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப்போயிருக்கிறது. ஜொயின்றையும் பலமானதாக மாற்றினால் அது டிபறன்ஷலின் பல்லுகளைத் தேடிப்போகும். பலத்தை ஓரிடத்தில் கூட்டினால் முறிவு நின்றுவிடுவதில்லை, இடம் மாறுகிறது. அந்தப் பெடியனிடம் கூலி வாங்கவில்லை. ஆனாலும் அவன் திரும்பி வரவில்லை.

மூன்றாவது தண்டைப் பற்றி எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினோம்.

எங்களுக்கும் ஒரு பழைய ட்ரக் இருக்கிறது. எங்களில் மூத்தவரின் மகன் கனடாவில் பிறந்தவன். பியானோவும் வேண்டாம், கிறிக்கெற்றும் வேண்டாம் என்றவன், இந்த ட்ரக்கில் மட்டும் எங்களோடு சேர்ந்து கை கறுத்தான். 2014 இல் அதற்கு நாங்களே குறோமொலித் தண்டும் நல்ல ஜொயின்றும் போட்டோம். கிறீஸ் போகத் துளையிட்ட சிலுவையை விடத் துளையில்லாதது பலம் என்று பார்த்துத் துளையில்லாததைத்தான் போட்டோம். "உது இனி முறியாது" என்று அவனுக்குச் சொன்னோம். நாங்கள் இருவரும்தான் சொன்னோம்.

2016 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. அவனுக்கு 19 வயது. இரண்டு சிநேகிதரோடு மக்லீன் கிறீக் போனான். ஆறு மணிக்கு வருவேன் என்றான். எட்டாகியது, பத்தாகியது. அந்தப் பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. வெளியே முதற்பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

எமது அம்மா அப்போது எங்களோடு இருந்தார். கட்டிலுக்குப் போகச் சொன்னோம், போகவில்லை. வாசற்கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊரில் இருந்த காலத்தில் நாங்கள் பொழுதுபட்டும் வீடு வராவிட்டால் படலையடியில் இப்படித்தான் நிற்பார். அந்தக் காலத்தில் வராத பிள்ளைகள் வராமலே போனார்கள் என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கனடாவில் அப்படி ஒன்றும் நடக்காது என்று அவருக்குச் சொன்னோம். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு இரண்டரை மணிக்கு யாரோ ஒருவரின் வாகனம் அவனை வாசலில் இறக்கிவிட்டது. முழங்கால் வரை ஈரம். உதடு நீலம். நடந்தது இதுதான்: ஓடைக்கு மேலே ஒரு சரிவில் ஏறும்போது தண்டு முறிந்திருக்கிறது. முறிந்த நுனி சுழன்றடித்துக் காதுப்பக்கம் கோணலாகிச் சில்லுமூட்டில் செருகிவிட்டது. ஸ்ரியறிங் இறுகிவிட்டது. ட்ரக் பின்னுக்குச் சறுக்கி ஒரு மரத்தில் முட்டி நின்றது. மரம் இல்லாவிட்டால் ஓடை. மூவரும் பனியில் நடந்து றோட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

அவன் எங்களைத் திட்டவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இளையவரைப் பார்த்து, "முறியாது எண்டுதானே சித்தப்பா சொன்னனீங்கள். அதாலைதான் நான் காலை எடுக்கேல்லை" என்றான்.

அவனது அம்மா சுடுதண்ணி வைக்கப் போனார். நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம்.

அடுத்த நாள் ஜக்கும் ஸ்பனரும் எடுத்துக்கொண்டு போனோம். பழைய வகை முன் அச்சில் ஒரு வசதி உண்டு: முறிந்த தண்டுகளை உருவி எடுத்தாலும் சில்லு தன் பெயறிங்கில் நிற்கும். அப்படியே உருவியெடுத்து, பின் சில்லுகளின் இழுவையில் வீடு கொண்டுவந்தோம். (புதிய ஜீப் போன்றவற்றில் பெயறிங் ஒரே பெட்டியாக வரும். அதில் வெளிப்பக்கக் குட்டைத் தண்டை உருவிவிட்டு ஓடக்கூடாது. பெட்டியைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தண்டும் அதன் நட்டும்தான்.)

வீட்டில் முறிந்த முகத்தைக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரே நாளில் முறிந்த இரும்பின் முகம் முழுவதும் சொரசொரப்பாக இருக்கும். இதில் ஓரத்தில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் மழுங்கலாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு வரியும், வெடிப்பு சிறிது சிறிதாக உள்ளே போய் நின்ற இடம். அந்த வரிகளெல்லாம் தொடங்கிய புள்ளியில், தண்டின் மேற்பரப்பில் ஒரு சின்னக் கீறல். கிறைண்டர் தட்டிய கீறல்.

அது எமது கிறைண்டர். 2014 இல் ஜொயின்றை இறுக்கும்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு பிசிறைத் தட்டியெடுத்தது எங்களுக்கு ஞாபகம் வந்தது. எங்களில் யாருடைய கை என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பாரம் முழுவதையும் தாங்குவது மேற்பரப்பு என்று மற்றவர்களுக்குப் படிப்பித்தவர்கள் நாங்கள். உருக்கு நல்ல உருக்கு. அந்தக் கீறலோடும் இரண்டு வருடம் தாங்கியிருக்கிறது. ஆனால் முறியாது என்று சொல்லிவிட்டபடியால் இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கோ அவனுக்கோ தோன்றவில்லை. சாதாரணத் தண்டு போட்டிருந்தால் பயந்து பயந்து பார்த்திருப்போம். நீடித்து உழைக்கிற தன்மை பாதி உருக்கில் இருக்கிறது, மீதி பார்க்கிற கண்ணில் இருக்கிறது. பலமான பொருள் அந்தக் கண்ணை மூடவைத்துவிடும்.

அதற்குப் பிறகு எமது கராஜில் சில வழக்கங்கள் வந்தன. காட்டுவழி போகிற எமது பிள்ளைகள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

தண்டை மாட்டுமுன் நீளவாக்கில் ஒரு நேர்க்கோடு வெள்ளைப் பெயின்றால் போடுவோம். பிறகு கழற்றும்போது கோடு சரிந்திருந்தால் தண்டு திரும்பிவர முடியாத அளவுக்கு முறுகிவிட்டது என்று பொருள். அதை மறுபடி மாட்டுவதில்லை. வைஸில் பிடிக்கும்போது தாடைகளுக்கு இடையில் அலுமினியத் தகடு வைப்போம். தண்டுக்குக் கிட்ட கிறைண்டர் வராது. காதுகளின் துளை அகன்று சிலுவையின் மூடி கையால் சுழன்றால், அந்தத் தண்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் பழைய இரும்பு. திரும்பும்போது ரிக் ரிக் என்று சத்தம் கேட்டால் வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, முதலில் முறிய வேண்டியது எது என்று நாங்களே தீர்மானிப்பது. நாங்கள் முன் சில்லின் ஹப் லொக்கை விட்டுவைக்கிறோம். அது வெளியில் இருக்கிறது, விலை குறைவு, சேற்றில் நின்றபடியே சின்ன ஸ்பனரால் மாற்றலாம், முறிந்தாலும் ஸ்ரியறிங் இறுகாது. தண்டும் ஜொயின்றும் அதைவிடப் பலமாக இருந்தால் போதும். கழற்றிய பழைய தண்டுகள் நேராக இருந்தால் எறிய வேண்டாம். ட்ரக்கில் கட்டி வைத்திருந்தால் ஒருநாள் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

குறோமொலி போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வசதியிருந்தால் போடுங்கள் என்றுதான் சொல்கிறோம். அது வீண்செலவு அல்ல. ஆனால் முறியாது என்று யாருக்கும் சொல்வதில்லை. சில வாடிக்கையாளர்கள் அந்த ஒரு சொல்லுக்காகவே வேறு இடம் போகிறார்கள். போகட்டும்.

அம்மா 2019 இல் காலமானார். மகன் இப்போதும் மக்லீன் கிறீக் போகிறான். அந்த இரவுக்குப் பிறகு முதல்முறை போக ஆயத்தமானபோது, ட்ரக்கின் கீழே படுத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்துவிட்டு எழும்பி, "எது முதலிலை முறியும் சித்தப்பா?" என்று கேட்டான்.

"ஹப். சீற்றுக்குக் கீழை இன்னொண்டு வைச்சிருக்கு."

"அது முடிஞ்சால்?"

"பழைய தண்டு பின்னாலை கட்டியிருக்கு. அதுவும் முடிஞ்சால் நடந்து வா. எத்தினை மணிக்கு வருவன், எந்தப் பாதையாலை போறன் எண்டு அப்பம்மாட்டைச் சொல்லிப்போட்டுப் போ."

உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் போனான். அன்று ஐந்தரைக்கே வந்துவிட்டான். அம்மா கதிரையில்தான் இருந்தார்.